வீமனின் இடது காது

வீமன் முதன்முதலாகத் தலையை உதறியது ஒரு செவ்வாய்க்கிழமை. மாசி மாதத்தின் முதல் செவ்வாய். காலபோக நெல்லை மெசின் வெட்டி முடித்த மறுநாள். இதை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. பத்து வயதில் நான் எழுதிய கொப்பி ஒன்று இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. அதில் அன்றைய நாளுக்கு மூன்று வரிகள் உண்டு: ‘வெள்ளைக் கோழி முட்டை இடவில்லை. அப்பா வைக்கோல் ஏற்றினார். வீமன் தலையை ஐந்து தரம் உதறினான்.’

அந்தக் கொப்பியை நான் தொடங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. போர் முடிந்து பூவரசங்குளத்துக்கு நாங்கள் திரும்பி வந்த புதிதில், தொலைந்துபோன பத்திரங்களை மறுபடி எடுப்பதற்காக அப்பா கந்தோர் கந்தோராக அலைந்தார். ஒவ்வொரு மேசையிலும் திகதி கேட்டார்கள். தம்பி பிறந்த நாளில் அப்பாவும் அம்மாவும் இரண்டு நாள் வித்தியாசப்பட்டார்கள். வீட்டைவிட்டு வெளிக்கிட்ட நாளில் ஒரு மாதமே வித்தியாசப்பட்டார்கள். கதிரையில் இருந்த உத்தியோகத்தர் பேனையை மூடி வைத்துவிட்டு, “வீட்டில கதைச்சு ஒரு முடிவுக்கு வந்திட்டு வாங்கோ” என்று அனுப்பிவிட்டார். இனி எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அதற்குத் திகதி இருக்கும் என்று நான் அன்றைக்குத் தீர்மானித்தேன். நடந்தவை பெரும்பாலும் கோழி முட்டைகளாகவே இருந்தன.

வீமன் எங்கள் நாய். அல்லது நாங்கள் அவனுடைய ஆட்கள். திரும்பி வந்தபோது கூரையில்லாத எங்கள் வீட்டுக்குள் எங்களுக்கு முன்பே குடியிருந்தவன் அவன். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று குரைத்தான். யாரோ அந்நியர் வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு நாளில் மனம் மாறி எங்களை ஏற்றுக்கொண்டான். மண்ணிறம், அகன்ற நெஞ்சு, விறைத்து நிற்கும் இரண்டு காதுகள். அந்த வருடம் மெசினுக்குப் பின்னால் எலி பிடிக்க வயல் முழுவதும் ஓடித் திரிந்தான். உடம்பெல்லாம் புல் விதை ஒட்டிக்கொண்டு வந்தான். நானும் தம்பியும் உட்கார்ந்து பிடுங்கினோம். வெளியில் தெரிந்ததை எல்லாம் பிடுங்கினோம்.

அடுத்தடுத்த பக்கங்களில் அவன் அடிக்கடி வருகிறான். இடது பின்னங்காலால் காதைச் சொறிகிறான். தலையை இடது பக்கம் சரித்துக்கொண்டு நிற்கிறான். கூப்பிட்டால் எங்கிருந்து குரல் வருகிறது என்று தெரியாமல் வேறு பக்கம் பார்க்கிறான். ஒரு பக்கத்தில் ‘வீமனில் புளித்த கஞ்சி மணம்’ என்று எழுதியிருக்கிறேன். இத்தனையும் எழுதத் தெரிந்த எனக்கு, எழுதியதை ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. குறித்து வைத்தால் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

அம்மா ஒரு நாள் தானாகவே கவனித்தார். பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை. “காதுக் குத்துவலி போல கிடக்கு” என்று சொல்லி நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, விரலில் சூடு பார்த்து, அவன் காதில் விட்டார். முகாமில் இருந்த காலத்தில் எங்கள் எல்லோருடைய காதுக்கும் அம்மாவிடம் இருந்த ஒரே மருந்து அதுதான். எங்களுக்கு அது சுகம் கொடுத்தது, அல்லது அம்மாவின் மடி சுகம் கொடுத்தது. வீமன் ஒரு சத்தம் போட்டான். அப்படி ஒரு சத்தத்தை அவன் காட்டுப்பன்றி பல்லால் கிழித்தபோதும் போட்டதில்லை. வேலிக்குள்ளால் பாய்ந்து ஓடிப்போய்ப் பொழுதுபடத்தான் வந்தான். அதற்குப் பிறகு எண்ணெய்ப் போத்தல் குசினியை விட்டு வெளியே வந்தாலே அவன் வளவில் இருக்கமாட்டான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தவனின் காதைத் தம்பி பிடித்து இழுத்தான். ஆறு வயதுப் பிள்ளை, தினமும் இழுப்பவன்தான். வீமன் திரும்பிக் கையைக் கவ்விவிட்டான். இரண்டு பல் ஆழமாக ஏறியிருந்தது.

அம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவக் கழுவ, அப்பா சைக்கிளை எடுத்தார். ஆசுபத்திரியில் ஊசி போட்டார்கள். இன்னும் வர வேண்டிய நாட்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். நாயைக் கொல்ல வேண்டாம், கட்டி வைத்துப் பதினான்கு நாள் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட வந்த நாளில் வீமன் காட்டுப் பக்கம் போயிருந்தான். ஆகவே அவனுக்கு ஊசி போட்டதற்கு அட்டை இல்லை.

இந்த இடத்தில்தான் சின்ன மாமா வருகிறார். அம்மாவின் கடைசித் தம்பி. எங்களோடு இருந்து லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். உலகத்தில் எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும், கேட்காவிட்டாலும் இருக்கும். தலை சரிவு, எச்சில் வடிதல், காரணமில்லாத கோபம், கூப்பிட்டால் திரும்பாமை என்று விரல் மடித்து எண்ணி, வீமனுக்கு விசர், வெறிநாய் ஆகிவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னார். அந்த அறிகுறிகளில் கடைசி இரண்டும் மாமாவுக்கும் இருந்தன. அதை நான் அப்போது சொல்லவில்லை.

“பதினாலு நாளும் கட்டி வைக்க இதென்ன கூடோ? கயிறு அறுத்தால் ஆர் பொறுப்பு? பள்ளிக்கூடப் பிள்ளையள் போற வழி. சனிக்கிழமை நான் காட்டுப் பக்கம் கொண்டு போறன். நீங்கள் ஒருத்தரும் வரத் தேவையில்லை.”

காட்டுப் பக்கம் கொண்டுபோவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மாமா மண்வெட்டியையும் கொண்டுபோவார்.

அப்பாவைப் பார்த்தேன். அப்பா எந்த உயிரையும் சும்மா அடிக்காதவர். அவர் தம்பியின் கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். “அவ்வளவுக்குள்ளாலயும் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை” என்று மட்டும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைய பக்கத்தில் ‘சனிக்கிழமைக்கு ஆறு நாள்’ என்று எழுதியிருக்கிறேன். மறுநாள் ‘ஐந்து’.

செவ்வாய்க்கிழமை காலையில் நானா வந்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அவரை நானா என்றுதான் அழைப்பார்கள். அப்பாவுக்கும் நானா, எனக்கும் நானா. மாட்டு வியாபாரி. எங்களைப் போலவே ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர். நாங்கள் போன திசை வேறு, அவர் போன திசை வேறு. எங்களிடம் நின்ற நாம்பனை, இளங்காளைக் கன்றை, பார்க்க வந்தவர், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, மாமரத்தடியில் இரட்டைக் கயிற்றில் கட்டியிருந்த வீமனைப் பார்த்து நின்றுவிட்டார்.

“நாய்க்கு என்ன?”

“விசர், நானா. கிட்டப் போயிடாதேங்கோ” என்றார் மாமா.

“ஆர் சொன்னது?”

“ஆர் சொல்லோணும்? பாக்கவே தெரியுது. தலையைச் சரிச்சுக்கொண்டு நிக்குது, எச்சில் வடியுது, பெடியனையும் கடிச்சுப் போட்டுது. சனிக்கிழமை லாண்ட்மாஸ்டரில காட்டுக்குக் கொண்டு போறன்.”

“தலையைச் சரிக்கிறது எப்ப துவங்கினது?”

மாமா ஞாயிற்றுக்கிழமை என்றார். அம்மா போன கிழமை என்றார். அப்பா “கொஞ்ச நாளா” என்றார். கந்தோரில் நடந்தது மறுபடி நடந்தது. நான் உள்ளே ஓடிப்போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். அவசரத்தில் பக்கம் அகப்படவில்லை. பிறகு அகப்பட்டது. வாசித்தேன்: முதல் உதறல், சொறிதல், சரிவு, மணம், எண்ணெய், கடி. வெள்ளைக் கோழியையும் சேர்த்தே வாசித்துவிட்டேன்.

நானா சிரிக்கவில்லை. விரலில் கணக்குப் பார்த்தார். “இண்டைக்குச் சரியா மூண்டு கிழமை” என்றார். மாமாவின் பக்கம் திரும்பி, “தம்பி, விசர் நாய் மூண்டு கிழமையா ஒரே காதைச் சொறிஞ்சுகொண்டு, நீர் லாண்ட்மாஸ்டர் கொண்டு வருமட்டும் பாத்துக்கொண்டிராது. அது எப்பவோ முடிஞ்சிருக்கும்” என்றார்.

பிறகு சாக்கொன்று கேட்டார். அதை நான்காக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு, வீமனுக்குப் பக்கவாட்டாகப் போய்க் குந்தினார். நேரே போகவில்லை. சும்மா இருந்தார். வீமன் உறுமினான், பிறகு அலுத்துப்போய் நிறுத்தினான். நானா முதலில் வலது காதைத்தான் பார்த்தார். நோகிற காது இடது என்று நான் சொன்னேன்.

“தெரியும் மகள். நல்ல காது எப்பிடியெண்டு பாத்தால்தானே கெட்ட காது விளங்கும்.”

இடது காதை அவர் தொடவேயில்லை. அடியில் சூடு தெரிகிறதா என்று புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனார். குனிந்து மணந்து பார்த்தார். சாக்கின் மூலையால் மடலை மெல்ல நிமிர்த்தியதும் உள்ளே சிவந்து வீங்கி, மஞ்சளாகக் கசிந்திருந்தது. “ஏதோ உள்ளுக்குப் போய்க் கிடக்கு. கடிச்சது விசரில இல்லை, வலியில. நாளைக்கே மாட்டு டொக்டரிட்டக் கொண்டு போங்கோ. கட்டி வைக்கிறதைக் கட்டி வையுங்கோ, அது நல்லதுதான். ஆனா காட்டுக்குக் கொண்டு போகாதேங்கோ.”

அப்பா தலையாட்டினார். நானா நாம்பனைப் பார்க்க மறந்து போய்விட்டார்.

புதன்கிழமை வீமனை லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி, வாயைத் துணியால் கட்டி, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். ஓட்டியது சின்ன மாமாதான். அவர் நினைத்த பயணம்தான் அது. சந்தியில் மட்டும் வேறு பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. வைத்தியர் ஒரு இளம் பெண். மயக்க ஊசி போட்டு, வெளிச்சம் பிடித்து உள்ளே பார்த்து, நீளமான இடுக்கியால் ஒரு புல் விதையை வெளியே எடுத்தார். என் சுண்டுவிரல் நகமளவு. கூர்ப்பக்கம் உள்நோக்கி இருந்தது. உதற உதற அது உள்ளேதான் போகுமாம். எண்ணெயில் காது வெந்தும் இருந்ததாம். “காதுக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியாமல் இனி ஒண்டும் ஊத்தாதேங்கோ அம்மா, செவிப்பறை ஓட்டையாயிருந்தால் எல்லாம் உள்ளுக்குப் போயிடும்” என்று அவர் சொன்னபோது அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். வைத்தியர் துளி மருந்தொன்று தந்தார். நாளுக்கு ஒருமுறை, காலையில், பத்து நாள்.

துளி மருந்தை விடுவது யார் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் அப்பா பிடித்தார், மாமா பிடித்தார், இருவரும் சேர்ந்து பிடித்தார்கள். போத்தலைக் கண்டதும் வீமனுக்கு எண்ணெய் நினைவு வந்துவிட்டது. மருந்து மாமாவின் தலையில் விழுந்தது. அந்த ஆரவாரத்தைக் கேட்டுத்தான், சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த நானா மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வளவுக்குள் வந்தார்.

“விடுங்கோ, விடுங்கோ. நாலு கையும் நாலு பக்கம் இழுத்தால் அது என்ன செய்யும்?”

சாக்கைக் கழுத்தைச் சுற்றி மாலை போலப் போட்டு, வீமனைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருத்தி, தாடையைத் தொடையில் சாய்த்துக்கொண்டார். கன்றுகளைப் பிடிக்கிற பிடி என்று பிறகு சொன்னார். அம்மா ஐந்து துளி விட்டார். நானா காதின் அடியை விரலால் மெல்ல உருவிக்கொடுத்தார். உள்ளே களுக் களுக்கென்று சத்தம் கேட்டது. விட்டதும் வீமன் ஓங்கித் தலையை உதறினான். மருந்தும் சீழும் எச்சிலும் நானாவின் கையிலும் உடுத்திருந்த சாரத்திலும் தெறித்தன.

அவர் கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் வார்ப்பது என் வேலை. மூன்று தரம் வார்த்துவிட்டு வாளியை வைத்தேன்.

“இன்னும் நாலு கிடக்கு, மகள்.”

“ஏன் நானா?”

“கணக்கு அப்பிடித்தான்” என்று சிரித்தார். வார்ப்பதற்கு முன் குனிந்து மண் தேடினார். கிணற்றடி மண் ஈரமும் கோழி எச்சமுமாக இருந்தது. வேலியோரம்வரை நடந்துபோய்க் காய்ந்த மண்ணாக ஒரு பிடி எடுத்து வந்து தேய்த்துக் கழுவினார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வாழைகளுக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது சாரத்தின் முன்பக்கம் நனைந்திருந்தது. அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “நாளைக்கும் இந்த நேரம் வாறன்” என்று போனார்.

கொப்பியில் அன்றைக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. ‘காது மருந்து விடும் முறை’ என்று தலைப்பிட்டு அடிக்கோடும் போட்டிருக்கிறேன். நல்ல காதை முதலில் பார்க்க வேண்டும். சாக்கு. ஐந்து துளி. அடியை உருவ வேண்டும். பின்பு கையை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். வைத்தியர் இதைச் சொல்ல மறந்துவிட்டார் என்றும், மாட்டோடு பழகியவர்களுக்குத்தான் இது தெரியும் என்றும் நான் முடிவு செய்திருந்தேன்.

மறுநாள் கிணற்றுக்கட்டில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. அதற்குள் கல் பொறுக்கி அரித்தெடுத்த காய்ந்த மணல். பக்கத்தில் நிறைத்த வாளிகள் இரண்டு. அம்மா வைத்தது. நானா அதைக் கண்டு ஒரு கணம் நின்றார். குசினிப் பக்கம் பார்த்தார். அம்மா அடுப்பில் வேலையாக இருந்தார். மிச்ச ஒன்பது நாளும் அந்தச் சிரட்டை புதிதாக நிரம்பியிருந்தது. அம்மாவும் என் செய்முறையை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று எனக்குப் பெருமை. வீமனைத் தொட்ட நாளெல்லாம் நானும் தம்பியும் ஏழு தரம் கழுவினோம். தம்பி ஆறில் நிறுத்தினால் விடமாட்டேன். பள்ளியில் இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

சின்ன மாமாவுக்கு வேறு கணக்கு. “உந்த உபகாரமெல்லாம் நாம்பனில கண் வைச்சுத்தான்” என்று அம்மாவிடம் முணுமுணுப்பார். எங்களுக்கோ வாழைக்குப் பின்னால் நடப்பதில்தான் கவனம். வாளியோடு போகிறார், சாரம் நனைந்து வருகிறார். தம்பி என் காதுக்குள், “நானா சாரத்தோட மூத்திரம் பேஞ்சிட்டார்” என்பான். இருவரும் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சிரிப்போம். அவர் நனைந்த சாரத்தோடு மோட்டார் சைக்கிளில் ஏறி, எங்களுக்குக் கைகாட்டிவிட்டுப் போவார்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. காது காய்ந்து மணம் விட்டிருந்தது. மறுநாளோடு ஆசுபத்திரி சொன்ன பதினான்கு நாளும் முடிந்து வீமனை அவிழ்த்துவிட்டோம். அவன் நேரே போய்த் தம்பியின் கையை நக்கினான். நானா அந்தச் சனிக்கிழமைதான் நாம்பனை நினைத்துக்கொண்டவர் போல அதன் பக்கம் போய்ப் பார்த்தார். “இன்னும் ஒரு வருசம் நிக்கட்டும். அவசரப்பட்டுக் குடுத்திடாதேங்கோ” என்று அப்பாவிடம் சொன்னார். மாமா அன்றைக்கு ஒரு கருத்தும் சொல்லவில்லை. வீமன் அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தான். இடது காது மட்டும் கடைசிவரை சற்று மடிந்தே இருந்தது.

பல்கலைக்கழக விடுதியில் ஒரு குட்டிநாய் திரிந்தது. ஒரு நாள் அதைத் தூக்கி வைத்திருந்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடியில் வழக்கம்போலக் கழுவிக்கொண்டிருந்தேன். பூச்சட்டியிலிருந்து மண் எடுத்ததை என்னோடு ஒரே அறையில் இருந்த முஸ்லிம் பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதென்ன, எங்கட ஆக்கள் மாதிரிக் கழுவுறாய்?”

“காது மருந்து விட்டால் இப்படித்தானே கழுவுறது?” என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சொன்னாள். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அவர்களுடைய மார்க்கத்தில் ஏழு தரம் கழுவ வேண்டும், ஒரு தரம் மண்ணால். உடுப்பில் பட்டால் உடுப்பையும். கழுவாமல் தொழ முடியாது. “அதனாலதான் நாங்கள் நாய்க்குக் கிட்டப் போறதில்லை” என்றாள்.

அன்று பின்னேரம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சிரட்டையைப் பற்றிக் கேட்டேன். அம்மாவுக்கு நினைவிருந்தது.

“ஓம், அது முஸ்லிம் ஆக்களின்ர முறை. கிணத்தடி மண்ணெல்லாம் கோழி கிளறினது. அதை எப்பிடி அந்த மனுசனுக்குக் குடுக்கிறது?”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“அவரே சொல்லேல்லை. நான் ஏன் சொல்லுவான்?”

அவர் ஏன் சொல்லவில்லை என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. சொல்லியிருந்தால், நான் மடியில் தூக்கி வைத்திருந்த வீமனை ஒரு கணமாவது வேறு கண்ணால் பார்த்திருப்பேன். பத்து வயதுப் பிள்ளைக்கு ‘கணக்கு அப்பிடித்தான்’ என்பது போதும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது கொப்பியை எடுத்துப் பார்த்தேன். எழுதியதை அழிப்பது என் வழக்கமில்லை. பிழை என்றால் ஓரத்தில் அன்றைய திகதியைப் போட்டுத் திருத்தம் எழுதுவேன். ‘காது மருந்து விடும் முறை’யைத் திருத்தவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். பத்தாம் நாள் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘காலை ஏழு இருபதுக்கு நானா வந்தார். மருந்து முடிந்தது. நானாவின் சாரம் இன்றும் நனைந்திருந்தது. தம்பி சிரித்தான். நானும்.’

ஓரத்தில் திகதியைப் போட்டு எழுதினேன்: ‘கழுவியிருந்தார். பத்து நாளும்.’